பழைய வருடம் மகளுக்கு விட்டுப்போனது

டிசம்பர் 11
இரண்டு ஃபிரிட்ஜ் சரி செய்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை. முப்பத்தொன்றாம் தேதி பழைய வருடப் பொம்மையைத் தெருமுனையில் எரிப்பதற்கு முன் அதன் உயிலை வாசிக்க வேண்டும். சாகப்போகிற வருடம் தெருவில் யாருக்கு எதை விட்டுப்போகிறது என்று, ஆளுக்கு நாலு வரிக் கிண்டல். ஒன்பது வருடமாக எழுதுவது நான்தான். தெருவில் என்னைப் புலவர் என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன பட்டம் வேண்டும்?

டிசம்பர் 13
ரொட்டிக்கடை உபால்டினா மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். “வாங்க புலவரே. மழை வரும்போல இருக்கு. அதுக்கு மேல என் வாயிலேர்ந்து ஒண்ணும் வராது.” எல்லாரும் இப்படித்தான். நான் வந்தால் தெருவே வாயை மூடிக்கொள்கிறது.

டிசம்பர் 16
போன வருடம், வராத பையனுக்காக என் மகள் நெரேய்தா புதுச் செருப்போடு ஜன்னலில் காத்திருந்ததை எழுதினேன். உட்கார்ந்து காத்திருக்க அவளுக்கு ஒரு ஜன்னல் மெத்தை விட்டுப்போனது பழைய வருடம். இன்றைக்கும் தெருவில் அவள் பெயர் ‘மெத்தை’. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.
இன்று சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து, “அம்மா, இந்தத் தடவையும் நான் அதுல வந்தேன்னா மச்சாலாவுக்கு, பெரியம்மா வீட்டுக்கே போயிடுவேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றாள்.
சரி என்று சொல்லச் சொல்லி நானும் என் மனைவி ஓடிலாவிடமே சொன்னேன். பெரிய வீரன் நான்.

டிசம்பர் 22
தண்ணீர் குடிக்கப் போனேன். நெரேய்தா வாழைக்காய் வறுத்தபடி சோற்றுப்பானையிடம் பேசிக்கொண்டிருந்தாள். வேலைக்கான நேர்காணலுக்கு ஒத்திகை. “அனுபவம் இல்லைங்க, ஆனா சீக்கிரம் கத்துக்குவேன்.” மூடி தடதடத்தது. “நன்றிங்க” என்று பானைக்குத் தலை குனிந்தாள்.
கழிப்பறைக்குள் ஓடிப்போய் எழுதினேன். நாலு வரி, தானாக வந்தது. ஒன்பது வருடத்தில் இதுபோல வந்ததில்லை. அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது, உபால்டினாவின் மழைகூட.

டிசம்பர் 27
பன்னிரண்டு பேருக்கும் எழுதி முடிந்தது. பக்கத்து வீட்டுத் தெயோஃபிலோவிடம் படித்துக் காட்டினேன். புத்தி கெட்டவன் நான். “பொண்ணோடதுதான்யா உசிரு. அதை விட்டேன்னா, நீ மனுசனே இல்ல” என்றான்.

டிசம்பர் 30
மகளைப் பற்றி எழுதிய செய்தி ரொட்டிக்கடை வரை போய்விட்டது. ஓடிலா: “அவ பெட்டி கட்டிட்டா. இனி உங்க இஷ்டம்.”
அவள் வரிகள் இல்லாத உயில் வெங்காயம் போடாத மீன் சூப்; அதை எப்படிப் பரிமாறுவது? ஆனா அவ போயிட்டான்னா — எனக்கு என்னடா மிஞ்சும்?

டிசம்பர் 31
இன்னும் முடிவில்லை. நாலு வரிக்கு இவ்வளவு ஆசையா?

ஜனவரி 1
நேற்றிரவு பதினொரு பேருடையதை வாசித்தேன். பன்னிரண்டாவது, நெரேய்தாவுடையது, எங்கே என்று தெரு கை தட்டிக் கேட்டது. நெரேய்தா வாசலில் பெட்டியோடு நின்றாள். தாளை மடித்துப் பொம்மையின் சட்டைக்குள் செருகி, நானே தீ வைத்தேன். “கெடுத்துட்டியே” என்றான் தெயோஃபிலோ. இந்த வருட உயில் சப்பென்று இருந்ததாம்.
இன்று காலையில் நெரேய்தா காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.
“அதுல என்னதாம்ப்பா எழுதியிருந்தீங்க?”
என்னிடமே கேட்டாள். மெதுவாகச் சொன்னேன். இரண்டாம் வரியில் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நேர்காணலில் நடந்ததை அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். காப்பி ஆறும்வரை சொன்னாள்.
என்ன சொன்னாள் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.