தெரிந்து போடும் கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்
எங்கள் வலி தணிப்புப் பிரிவைத் துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். சாகப்போகிறவர்களுக்கு இது போதுமாம்! வழியில் தலைமை அறுவை மருத்துவர் கேட்டார்: “என்ன டாக்டர், கத்தியக் கீழ வெச்சு ரெண்டு வருஷமாச்சு. போரடிக்கலையா?” நாடு விட்டு வந்து பதினாறு வருடம் அறுவை மேசையில் இவர் எதிரில் நின்று அறுத்தவள் நான்.

மார்ச் 5
எட்டாம் வார்டில் நம் மொழிக்காரர், தையற்காரர். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரை பரவிவிட்டது. திங்கட்கிழமை மூன்றாவது அறுவை. எதற்கு?

“என்ன ஆபரேஷன்னு சொன்னாங்க, ஐயா?”

“ஏதோ அடைப்பாம்மா. எடுத்துட்டா கடையத் திறந்துடலாம்னு மகன் சொன்னான்.”

வெளியே வந்து மகன் கெஞ்சினான்: “சொல்லிடாதீங்க டாக்டர், அப்பா உடைஞ்சு போயிடுவாரு.”

வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

மார்ச் 6
தலைமை மருத்துவரிடம் கத்திவிட்டேன். “கையெழுத்துப் போட்டிருக்காரே” என்றார். “எதுக்குன்னு தெரியாமப் போட்டது கையெழுத்தா?” என்றேன். “நீங்களும் இப்படி வாங்கினவங்கதானே?” என்றார்.

ஆமாம். வாங்கினேன். நான் கடைசியாக அறுத்த நோயாளி, வாயில் குழாயோடு பதினோரு நாள் கிடந்தாள். ஏதோ சொல்லப் பார்த்தாள், கடைசிவரை முடியவில்லை. ‘அறுவை வெற்றி’ என்று எழுதியது இதே கைதான். யார்மேல் இந்தக் கோபம் — அவர்மேலா, என்மேலா?

மார்ச் 8, ஞாயிறு
மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்: “உங்க உடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும் ஐயா?”

“இவன் வெளிய போய் அழுதுட்டு வந்து சிரிக்கிறான். துணியத் தொட்டாலே சாயம் போகுமான்னு சொல்றவன்மா நான். எனக்கா தெரியாது?”

சொன்னேன். முழுவதும். அவர் உடையவில்லை, மகன்தான் உடைந்தான்.

“ஆபரேஷன் வேணாம். வலியில்லாம தையல் மிஷின் முன்னாடி உக்கார வைக்க முடியுமா?”

முடியும் என்றேன்.

மார்ச் 9
அறுவை ரத்து. எல்லார் முன்னாலும் தலைமை என்னைக் கோழை என்றார். ஐயா வீட்டுக்குப் போக வலி மருந்து எழுதக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 30
தையற்கார ஐயா வீட்டிலேயே, காலையில், தூக்கத்தில் போய்விட்டார். “பேத்திக்கு ரெண்டு சட்டை தச்சாரு. எங்கிட்ட எல்லாத்தையும் பேசினாரு டாக்டர்” என்றான் மகன். “இத உங்க பெரிய டாக்டர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்.”

ஏப்ரல் 17
தலைமை மருத்துவரிடமிருந்து போன். “நாளைக்கு ஒரு கேஸ். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அந்தம்மாகிட்ட நீங்க பேசணும். நானும் வரேன்.”

போனோம். வயிற்றில் கட்டி, அறுத்தாலும் பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. “பண்ணிடுங்க” என்றாள் அந்த அம்மா.

நான் சரி என்றேன். தலைமை ஒப்புதல் படிவத்தை நீட்டவில்லை. கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி விளக்க ஆரம்பித்தார்.