பஸ் வராத மாலையில் எனக்காக நின்ற அக்காவுக்கு

என் உயிரான அக்கா,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. மனதுக்குள் உன்னோடு பேசாத நாளில்லை. எழுதத்தான் கை வரவில்லை. இன்று காலை தர்ஷினி உன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் புறப்பட்டாள். தோள் சரியாகப் பொருந்திவிட்டது. உன் மகள் வளர்ந்துவிட்டாள் அக்கா. நீ பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஏன் சித்தி, நல்லா இல்லையா?" என்று கேட்டாள். ஸ்வெட்டரின் தோளை நீவிவிட்டு அனுப்பி வைத்தேன்.

அந்த வருடம் எப்படித் தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். ராகலைப் பக்கம் அப்படியொரு வெயிலை நாம் கண்டதே இல்லை. தேயிலைக் கொழுந்து கருகிப்போய், கை பட்டால் நொறுங்கியது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். நம் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலிக் குழாய் நூல்போல வடிந்தது. குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒரு ஊர்க்கதை பேசிவிட்டு வந்தாலும் பாதிதான் நிறைந்திருக்கும். "இது நம்ம ஊரு வெயிலே இல்ல சாந்தி. வழி தப்பி வந்திருக்கு" என்று சிரித்தாய். மழை வேண்டிக் கோயிலில் பூசை வைத்தோம். முன்னால் நின்று கும்பிட்டவர்களில் நாமும் இருந்தோம்.

மழை வந்தது. ஆனால் நமக்குப் பழக்கமான மழை அல்ல. நாளெல்லாம் தூறி, மெல்ல ஊறி, மண்ணுக்குள் இறங்கும் மழையைத்தான் நாம் அறிவோம். இது வானம் பிளந்ததுபோல் கொட்டிற்று. வெயிலில் பிளந்து கிடந்த மலை அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

முதல் தடவை கிராம சேவகர் வந்து மண்சரிவு எச்சரிக்கை சொன்னபோது எல்லோரும் பாடசாலைக்குப் போனோமே. வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தபோது நம் கோழிகளைத்தான் காணோம். லயம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

அடுத்த எச்சரிக்கை வந்த அன்று நான் நுவரெலியாவில், வேலை பார்க்கும் பாமசி மருந்துக்கடையில் இருந்தேன். நீ போன் எடுத்தாய்.

"சாந்தி, மறுபடியும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க. ஒங்க மாமாவும் தர்ஷினியும் மூட்டையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க, என் பச்ச ஸ்வெட்டரும் அதுலதான். நானும் போகவா?"

"போன தடவ மாதிரிதான் இருக்கும்க்கா. இப்பவே போயி அந்த வாங்குல குந்தணுமா? நான் பஸ்ஸப் புடிச்சு வந்துர்றேன். இரு, சேந்து போவோம்."

"சரி, வந்துரு. ஒனக்குச் சோறு ஆக்கி வைக்கிறேன்."

அவ்வளவுதான் பேசினோம்.

கந்தப்பளை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் பாதைமேல் மண்ணும் மரமும் சரிந்து கிடந்தன. உன் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். இணைப்பே கிடைக்கவில்லை. "நீ போயிரு, எனக்காக நிக்காத" என்று சொல்லத்தான் அக்கா அழைத்தேன். நடந்து போகிறேன் என்று இறங்கியவளை அங்கிருந்தவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். விடிந்த பிறகுதான் தேயிலை மலை வழியாக ஏறி வர முடிந்தது.

மேலே வளைவில் நின்று கீழே பார்த்தேன். நம் லயத்தின் கடைசிப் பகுதி இல்லை. அங்கே சிவப்பு மண் மட்டும் இருந்தது. மாமா அதன்மேல் உட்கார்ந்து கையால் தோண்டிக்கொண்டிருந்தார். நம் பக்கத்துக் காம்பரா பார்வதியக்காதான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாங்க கூப்புட்டோம் சாந்தி. வாசல்ல நின்னுக்கிட்டு, 'நீங்க போங்க, தங்கச்சி வந்துரும், சேந்து வர்றோம்'னு சொல்லிருச்சு."

அன்றே, எல்லோர் முன்னாலும், நான் போனில் சொன்னதை மாமாவிடம் சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. "மலை வந்து விழும்னு நீ கண்டியா புள்ள?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம். எனக்கு அது இலேசாக இருந்திருக்கும்.

சில மாதங்களுக்குப் பிறகு மண்சரிவு பற்றி விளக்க ஒரு பெண் அதிகாரி பாடசாலைக்கு வந்தார். நல்ல தமிழ் பேசினார். உலகமெங்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கிற புகை வானத்தில் தங்கி, பூமியின் சூட்டை வெளியே போக விடாமல் பிடித்து வைக்கிறதாம். கடல் சூடாகிறதாம். சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமந்து வந்து ஒரே இடத்தில் கொட்டுகிறதாம். காய்கிற காலம் மேலும் காய்கிறது, பெய்கிற காலம் மேலும் பெய்கிறது என்றார். மரம் வெட்டிய சரிவும் அடைபட்ட வடிகான்களும் அதோடு சேர்ந்தால் மலை நிற்காது என்றார்.

பார்வதியக்கா எழுந்தார். "நாங்க அடுப்புக்கு வெறகு எரிக்கிறோம், வேற என்னத்த மிஸ் எரிச்சோம்? எங்ககிட்ட ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லையே. எங்க தலையில ஏன் விழுது?"

"உங்க பங்கு ரொம்பக் கொஞ்சம்தான்க்கா. இது அநியாயம்தான்" என்றார் அந்தப் பெண்.

அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குள் ஒரு சபலம் தட்டிற்று. பழியைத் தூக்கி உலகத்தின் தலையில் போட்டுவிடலாமே? நான் பார்த்தேயிராத நகரங்கள், அவற்றின் தொழிற்சாலைகள், அங்கே ஓடும் கோடிக்கணக்கான வாகனங்கள் எல்லாம் சேர்ந்துதானே என் அக்காவைக் கொன்றன? அது உண்மைதான். கோபப்பட எனக்கு உரிமையும் இருக்கிறது. ஆனால் "இரு" என்று உன்னிடம் சொன்ன குரல் அந்த நகரங்களின் குரல் அல்லவே. இரண்டும் உண்மையாக இருக்கும்போது மனுஷி எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள் அக்கா?

இப்போது நான், ஆபத்து வந்தால் ஆட்களை வெளியேற்றும் தோட்டத்து அனர்த்தக் குழுவில் இருக்கிறேன். பாடசாலை மைதானத்தில் மழை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அளவு கூடினால் குழுவில் இருப்பவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். போன வாரம் அப்படி ஒரு மழை பிடித்தது. மத்தியானமே கதவுகளைத் தட்டத் தொடங்கினேன். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். லயத்தின் மிஞ்சிய பகுதியில் எங்களுக்குக் கொடுத்த காம்பராவை விட்டு மாமா மட்டும் அசையவில்லை. உனக்குப் பிறகு அவர் எதற்கும் அசைவதில்லை.

"போறவ போயிட்டா. நான் இங்கனயே கெடக்கேன். நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தர்ஷினி ஸ்கூல் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பா மாமா. அப்பா வருவாருன்னு நனைஞ்சுக்கிட்டு நிப்பா. நிக்கட்டுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குடையை எடுத்தார். பாதை முழுக்க வழுக்கல். என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் வெயில் அடித்தது. மலை நின்ற இடத்தில் நின்றது. ஒரு கல்லும் உருளவில்லை. திரும்பும் வழியில் பெரியவர் ஒருவர், "சும்மா கெடந்தவங்கள இழுத்துட்டுப் போயி முதுகு ஒடைஞ்சதுதான் மிச்சம். பொழப்பத்த புள்ள" என்று என் காதுபடவே சொன்னார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. என்னைத் திட்ட அவர் உயிரோடு இருக்கிறாரே அக்கா! அடுத்த நொடியே, இந்த ஏச்சை அன்றைக்கு நான் உன்னிடம் வாங்கியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அறுந்தது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நீ உடனே மன்னித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். மழை மிரட்டும் ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டுவேன். பத்துத் தடவை பொய்யாகட்டும், பதினோராவது தடவையும் தட்டுவேன். திறக்காத கதவின் முன்னால் நின்று கத்துவேன். இந்தத் தோட்டமே என்னைப் பைத்தியம் என்று சொல்லட்டும். சொல்ல எல்லோரும் இருந்தால் போதும்.

என்றும் உன் கூடப்பிறந்தவள்,
உன் மகளுக்குச் சித்தி,
சாந்தி