வெள்ளைக் கையுறை போட்டவர் படத்தில் இருக்க மாட்டார்

அன்பு மகன் வெண்டெலுக்கு, அலபாமாவிலிருந்து உன் அம்மா எர்லீன் டாலிவர் எழுதிக்கொள்வது. என் வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம். கடல் தாண்டி ஜப்பானில் நீயும் ரெனீட்டாவும் கைக்குழந்தையும் அதே கிருபையில் சுகமாக இருக்க விடியற்காலையில் முதல் ஜெபம் உங்களுக்காகத்தான் செய்கிறேன். முதலில் நல்ல சேதி. உன் அக்கா வெர்னெலின் மூத்தவன் ஜெரெல் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான். குஞ்சம் வைத்த தொப்பியோடு மேடை ஏறினபோது யாரும் கை தட்டக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்கள், அவன் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்று கத்தினதில் மேடையிலிருந்த பெரியவர் கையிலிருந்த காகிதம் நழுவியது. அவன் தங்கை கமீல் பள்ளி வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசிக்கிறவர்களில் கெட்டிக்காரருக்குக் கொடுக்கிற முதல் நாற்காலிக்கு வந்துவிட்டாள், அந்த நாற்காலியில் பெண்பிள்ளை உட்கார்வது இதுதான் முதல் தடவையாம், தெரு முழுக்க அவள் சத்தம்தான். உன் மகள் நய்லா போன வியாழக்கிழமை எந்த மிதவையும் இல்லாமல் தண்ணீரில் மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். நாலாவது வெற்றி வெர்னெலின் வீட்டுக்காரர் தாடியஸுடையது. மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தாறு, இருந்தாலும் இந்தக் கணக்கில் அவரையும் என் பிள்ளைகளோடுதான் சேர்க்கிறேன், ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

குடும்பக் கூடுகைக்குப் போன உல்லாசக் கப்பலில் நடந்ததை அன்றைக்கே போனில் சொன்னோம், ஆனால் "நய்லா தண்ணியில முங்கிட்டா" என்ற இடத்தோடு உன் காது அடைத்துவிட்டது, ரெனீட்டா போனைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்த கோடைக்குப் பிள்ளையை எங்களிடம் அனுப்பப் போவதில்லை என்று அவள் சொன்னதாக வெர்னெல் சொல்லி அழுதாள். அனுப்பு என்று நான் கெஞ்சப் போவதில்லை. பெற்றவள் பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயந்திருக்கிறாள். நடந்ததை முழுக்க எழுதுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து அங்கங்கே கோணும், விஷயம் கோணாது.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் நீ போனில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கப்பலில் நீச்சல் குளத்துக்குக் காவல் ஆள் கிடையாது, நய்லாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டாலிவர் குடும்பம் மொத்தமும் வருகிறது, நாற்பது பேர் கண்ணுக்கு மேலே ஒரு கண் வேண்டுமா என்றேன். அதற்கு நீ, "அம்மா, நாப்பது பேரு இருக்கற எடத்துலதான் யாருமே பாக்க மாட்டாங்க" என்றாய். கடற்படையில் சேர்ந்ததும் பெற்றவளுக்கே புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் கப்பல் புறப்படுகிற நியூ ஆர்லியன்ஸுக்குப் பேருந்து ஏறினேன்.

இந்த வருஷம் குடும்பக் கூடுகைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சட்டை அடித்தது மாப்பிள்ளை. கத்தரிப்பூ நிறம், முன்னால் நம் குடும்பப் பெயர், முதுகில் உன் அப்பா நட்ட பெக்கான் மரத்தின் படம். கப்பலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் ஆள்தான் என்று அவருக்கு ஒரே பெருமை. முதல் நாள் மதியமே எல்லாரும் குளத்தங்கரையில் கூடிவிட்டோம். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் பாட்டுப் போட்டு வரிசை ஆட்டம், என் தட்டில் பொரித்த கோழி. குளத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது, இங்கே காவல் ஆள் இல்லை, பிள்ளைகள் பெற்றோர் பொறுப்பு என்று. ஐந்தாம் வகுப்புக்காரி எனக்கே ஒரே வாசிப்பில் புரிந்தது. அதன் கீழே நின்றுதான் நம் ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நய்லா எங்கே என்று வெர்னெலைக் கேட்டேன். சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் பார்த்துக்கொள்கிறார் என்றாள். மாப்பிள்ளையைக் கேட்டேன், அதோ தண்ணிக்குள்ள நம்ம சட்டை போட்ட பொம்பளை பக்கத்துல நிக்கறாங்களே, நம்ம சித்திதான் என்றார். எட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் கத்தரிப்பூச் சட்டை தெரிந்தது, பக்கத்தில் நய்லா குதித்துக்கொண்டிருந்தாள். மனம் அடங்கி இன்னொரு துண்டு கோழியைக் கையில் எடுத்த நேரம் அந்தப் பெண் திரும்பினாள். முன்னால் வேறு குடும்பப் பெயர். அவர்கள் ஜார்ஜியாவிலிருந்து, நம்மைப் போலவே குடும்பக் கூடுகைக்கு வந்தவர்கள், அவர்களுக்கும் அதே நிறம். கோழியை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கேட்டேன். "நான் உங்க ஆளு இல்லீங்களே, என் பேத்தி அந்தா அங்க நிக்கறா. இந்தப் புள்ளைக்குத்தான் இத்தன பேரு இருக்கீங்களே, யாராச்சும் பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நல்ல பெண், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நய்லாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மிதவைச் சட்டைகூட ஒழுங்காகப் போட்டிருந்தாள். எனக்குத்தான் நீ சொன்னது அப்படியே கண் முன்னால் நின்றது. இதைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளாதே, ஒரே ஒரு தடவை ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய கப்பல் விடுகிறவர்கள் ஒரு காவல் ஆள் வைக்கக் கூடாதா என்று வெர்னெல் பொரிந்து தள்ளினாள். வைத்தாலும் வைக்காவிட்டாலும் பிள்ளை நம்முடையது என்று சொல்லிவிட்டு என் கைப்பையைத் திறந்தேன். கப்பலில் ஞாயிறு ஆராதனைக்கு வேண்டும் என்று சபை வாசலில் நிற்கும்போது போடுகிற வெள்ளைக் கையுறையை எடுத்துப் போயிருந்தேன். அம்மா வாசல் ஊழியத்தில் நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நீ. கையுறை போட்டவர் உட்காரக் கூடாது, பேசக் கூடாது, மாற்று ஆள் எதிரே வந்து நிற்கிற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது, பாட்டு எவ்வளவு ஏறினாலும் மற்றவர்களோடு சேர்ந்து ஆடக் கூடாது. அதே சட்டம்தான் இனிமேல் குளத்துக்கும் என்றேன். தண்ணீருக்கு முகம் காட்டி ஒருவர் நிற்க வேண்டும், கையில் போன் கூடாது, தட்டு கூடாது. மாற்ற வருகிறவர் எதிரே நின்று "வந்துட்டேன், இனி என் முறை" என்று வாயால் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கையுறை கை மாறும். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் எல்லாரையும் விட உரக்க, "என்னத்தே, குளத்துலயும் காணிக்கை எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமாம் மாப்பிள்ளை, மொதக் காணிக்கையா உங்க வாயைத் தட்டுல போட்டுட்டு இதை மாட்டிக்கிட்டு நில்லுங்க" என்றேன். சபை வாசலை ஈஸ்டருக்கு ஒரு தடவை மிதிக்கிறவர், தலையெழுத்தே என்று மாட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் நின்ற நேரமெல்லாம் சீட்டாட்டக்காரர்கள் ஆமென், அல்லேலூயா என்று கிண்டல் செய்துகொண்டே இருந்தார்கள். ஆனால் பார், இரண்டு நாளில் அது பழகிவிட்டது. வெர்னெல் நின்றாள், ஜெரெல் நின்றான், நானும் முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நின்றேன்.

இனி நீ காது அடைத்துக்கொண்ட இடத்துக்கு வருகிறேன், கண்ணை மூடாமல் படி. ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மதியம் குடும்பப் படம். கப்பலின் படக்காரரை வரவழைத்து, குளத்துக்கு மேலே இருக்கிற படிக்கட்டில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். குளத்துக்கு முதுகு, படக்காரருக்கு முகம். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றி, ஈரம் துடைத்து, மிதவைச் சட்டையைக் கழற்றி, கத்தரிப்பூச் சட்டை மாட்டியாயிற்று. குளத்தில் ஈ காக்கை இல்லை. அந்த நேரம் கையுறை மாப்பிள்ளை முறை. சட்டை அடித்தவர் அவர், படக்காரரைப் பேசி வைத்தவரும் அவர், போட்டோ என்றால் முன் வரிசையில் மண்டியிட்டு உட்காருகிற ஆள். வாங்க வாங்க என்று எல்லாரும் கூப்பிட்டோம். மாத்து ஆளு ஒருத்தரை அனுப்புங்க, வரேன் என்றார். படத்தை விட்டுவிட்டு யார் போவது. ஜெரெலுக்குப் பொறுமை போய், அப்பா, குளத்துலதான் யாருமே இல்லையே என்று கத்தினான். மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல், "தண்ணி இருக்குல்லடா" என்றார்.

படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தோம். முதல் படம் எடுத்ததும் இன்னொன்று எடுக்கலாம், கண்ணை மூடாதீர்கள் என்றார். நய்லாவுக்கு முதல் படத்தோடு வேலை முடிந்துவிட்டது. அவள் சிவப்புப் பந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. முழங்காலுக்காக எனக்கு மட்டும் போட்டிருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவள், என் கை தொடுகிற தூரத்தில் நின்றவள், எப்போது நழுவினாள் என்று எனக்குத் தெரியாது. குளத்தின் ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு மேடை இருக்கிறது, அதைத் தாண்டினால் பெரியவர்களுக்கே தலை முங்கும். பந்தை எட்டினவள் மேடையைத் தாண்டிவிட்டாள். அவள் கத்தவில்லை, கையைக் காலை அடிக்கவில்லை, அவள் முங்கின சத்தம் எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை. எங்களுக்குக் கேட்டது மாப்பிள்ளை குதித்த சத்தம்தான். கோமாளித்தனம் செய்கிறார் என்று பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்கூட. திரும்பிப் பார்த்தபோது புதுச் செருப்பு, சட்டைப் பையில் போன், எல்லாத்தோடும் அவர் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தார், தோளில் நய்லா, அவள் முதுகில் அந்த இரண்டு வெள்ளைக் கை. அவள் இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு ஓவென்று அழுதாள். இத்தனை வருஷம் கேட்ட பாட்டிலெல்லாம் அதைவிட இனிமையாக எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

கப்பல் மருத்துவர் சாயங்காலம் வரைக்கும் அவளைத் தன் அறையிலேயே வைத்து மூச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டார், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார். அழுகை நின்றதும் உன் மகள் கேட்ட முதல் கேள்வி பந்து எங்கே என்பது. மாப்பிள்ளை வெளியே நடையில் நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, ஈரக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. வெர்னெல் கழற்றப் போனாள், கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நேரே போய் அவர் எதிரே நின்று, "வந்துட்டேன் மாப்பிள்ளை, இனி என் முறை" என்றேன். அப்புறம்தான் விரல் விரலாகக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, சின்னப் பையன்போல என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அவரை நான் ஒரு நாளும் மதித்துப் பேசினதில்லை என்று உனக்குத் தெரியும். இனிமேல் அவரை யாராவது ஒரு சொல் சொல்லட்டும், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மறுநாள் காலை ஜார்ஜியாக் குடும்பத்துப் பெண் வந்து அந்தக் கையுறைச் சட்டத்தைச் சொல்லித் தரச் சொன்னாள், அவர்கள் ஒரு தொப்பியை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். ஊருக்கு வந்தபின் போன ஞாயிறு நம் சபை வாசலில் புதிதாக ஒருவர் வெள்ளைக் கையுறையோடு நின்றார். காய்ந்து விறைத்த அதே செருப்பு நடக்கும்போது கீச்சிட்டது, போதகர் பிரசங்கத்தை நிறுத்திச் சிரித்துவிட்டார்.

வந்த வாரமே நய்லாவை நகர நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். தனியாகப் போக மாட்டேன் என்றாள், அதனால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது நம் ஊரில் ஒரு குளம் இருந்தது. கறுப்புப் பிள்ளைகளையும் விட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள், இன்றைக்கும் அதன் மேல் கார் நிறுத்துகிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாமல் போனதும், உன் அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுக்காமல் போனதும் அங்கிருந்து வந்தது. போன வியாழக்கிழமை, எழுபத்து மூன்று வயதில், மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். எழுந்தபோது உன் மகள் கை தட்டினாள். கரையில் வெர்னெல் கையுறையோடு நின்றதால் அவளால் தட்ட முடியவில்லை, அழ மட்டும் முடிந்தது.

ரெனீட்டாவிடம் சொல், நாற்பது பேர் பார்த்துக்கொள்வோம் என்று இனிமேல் நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஒருவர் பார்த்துக்கொள்வார், அவர் யார் என்று பெயர் சொல்லி அவளுக்குச் சொல்வேன். அடுத்த கோடையைப் பற்றி உங்கள் முடிவு எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை, அதாவது வருத்தம் இருக்கும், காட்டிக்கொள்ள மாட்டேன். மாத முடிவில் ரெனீட்டாவின் தங்கையோடு நய்லா உங்களிடம் வருகிறாள். நீச்சலை விட்டுவிடாதீர்கள், மிதந்தவள் மறந்துவிடக் கூடாது. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் சோறு மசித்துக் கொடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் கப்பலையும் உன் வீட்டையும் தம் உள்ளங்கையில் வைத்துக்கொள்வாராக.

இதோடு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அந்தக் கப்பல் படத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் எடுத்தது. நாற்பது பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், எங்களைப் பார்க்க வேண்டாம். எங்கள் தலைகளுக்குப் பின்னால், கீழே தூரத்தில், எங்களுக்கும் முதுகு காட்டிக்கொண்டு ஒருவர் தண்ணீரைப் பார்த்து நிற்கிறார், பெக்கான் மரம் தெரிகிறது, பின்னால் கட்டின கையில் வெள்ளை தெரிகிறது. அவரைப் பார். என்னிடம் இருக்கிற உங்கள் படம் பழசாகிவிட்டது, குழந்தை பிறப்பதற்கு முந்தினது. பிள்ளைகளைக் குளத்துக்கோ கடலுக்கோ கூட்டிக்கொண்டு போகிற நாளில் புதிதாக ஒரு போட்டோ எடுத்து மறக்காமல் தபாலில் போடு. அதில் நீயோ ரெனீட்டாவோ, யாராவது ஒருவர் எனக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

உன் அன்புள்ள அம்மா,
எர்லீன் டாலிவர்