இரைச்சலுக்கு அடியில்

யூரோப்பா நிலையம், நாள் 212, 06:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரெஜினா, தூத்துக்குடிக்காரி, இங்கே ரேடியோ என் பொறுப்பு. வியாழனின் இந்த நிலாவில், அதன் கதிர்வீச்சில் எந்தச் சிப்பும் ஒரு வாரம் தாங்காது. அதனால் பழங்காலத்துக் கண்ணாடிக் குழல் வால்வுகள் பன்னிரண்டு வைத்த ரிசீவர். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர்களுக்கு ஜெனரேட்டரின் ஏசி மின்சாரம். அதனால் ரிசீவர் உம்மென்று இரைகிறது. மற்றபடி எல்லாம் சரி.

கூட இருக்கும் ஒரே ஆள் கோவில்பட்டி மாடசாமி, பனிவண்டியில் தூரத்து ஆன்டெனா ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறான். வண்டியிலிருந்தும் அதே பல்லவி: “யக்கா, ஹீட்டர டிசிக்கு மாத்துங்க. இரைச்சல் நின்னுரும்.” சுத்தமான டிசி காற்றுப் பம்பின் பேட்டரியில்தான் இருக்கிறது. ரேடியோ என்றால் இரையத்தான் செய்யும் என்று அவன் வாயை அடைத்தேன்.

13:25
கதிர்ப்புயல். வண்டியின் திசைகாட்டி செத்துவிட்டது. அவன் குரல் இரைச்சலில் முங்கி முங்கி வருகிறது, பாதி புரியவில்லை. நிலையத்து ஆன்டெனாவைத் திருப்பி அவன் இருக்கும் திசையைப் பிடித்தால் வழி சொல்லலாம். பிடிபடவில்லை. வடக்கே பனிப்பிளவு. அந்தப் பக்கம் மட்டும் அவன் போய்விடக் கூடாது.

16:40
மூன்று மணி நேரம் வீம்பில் போயிற்று. இரைச்சலைக் குறைக்க ஹீட்டர் வயர்களை இன்னும் இறுக்கி முறுக்கினேன், எர்த்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. முதல் இரண்டு வால்வுக்கு மட்டும் டிசி கொடுத்தாலே போதும், ஆனால் எல்லாம் ஒரே வரிசையில் கோத்தவை. பன்னிரண்டையும் பேட்டரியில் போட்டுவிட்டேன். பேட்டரி தீர்ந்ததும் காற்றுப் பம்பு நிற்கும்; அப்புறம் எனக்கு நான்கு மணி நேரக் காற்றுதான்.

16:52
இரைச்சல் நின்றது. மாடசாமி தெளிவாகக் கேட்கிறான்.

“சரி யக்கா, நீங்க மத்தியானத்துலேருந்து சொல்லுத மாதிரியே வடக்கதான் போறேன்.”

நான் அவனுக்கு ஒரு வழியும் சொல்லவில்லை.

மெல்லிசாக இன்னொரு குரல் அவனுக்குப் பதில் சொன்னது: “நேரா வாலே மாடசாமி. பயப்படாத.” என் குரல். என் இழுவை. ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தேன், பிளவின் பக்கமிருந்து வருகிறது.

17:05
“நிறுத்துலே, அது நா இல்ல” என்று கத்தினேன். வண்டி நின்றது.

“ரெண்டு யக்கா பேசுதீங்க. இதுல எது நீங்க?”

அவன் அம்மா பெயரைச் சொன்னேன். எனக்கு முந்திக்கொண்டு அதுவும் சொன்னது. இத்தனை நாளும் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறது. அழுதுகொண்டே அவனிடம் கெஞ்சினேன், தெற்கே திருப்பு என்று.

17:31
“கண்டுபிடிச்சிட்டேன் யக்கா. அந்தப் பொய்க்காரி அழுதா. நீங்க என்னைக்கி அழுதிருக்கீங்க? சொல்லுங்க, வாரேன்.”

“வாலே” என்றது அது.

17:40
ஹீட்டர்கள் மங்குகின்றன. இப்போதே ஏசிக்கு மாற்றினால் பேட்டரியில் மிச்சமிருப்பதில் பம்பு ஓடும், நான் பிழைப்பேன்; அவன் குரல் இரைச்சலில் போய்விடும். மாற்றவில்லை. கத்திக்கொண்டேதான் எழுதுகிறேன், அவன் என்னைக் கண்டுகொள்ளவில்லை. வண்டி பிளவை நோக்கி ஓடுகிறது. ராத்திரிக்கு என்ன யக்கா சமையல் என்று அதனிடம் கேட்கிறான். ரசம் வைத்திருக்கிறதாம்