துவைக்காத துணி

கோபம் இன்னும் ஆறாதவளுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் நாய்களுக்கு மீன் கொண்டுவரும் மரியதாசனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அன்று நான் சொன்னதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

மார்கழிப் பனிக்கு நாய்க்கூடுகளைச் சாக்கால் மூடுகிறேன். ஆரல்வாய்மொழிக் காற்று பிய்த்துப் போடுகிறது. மறுபடி கட்டுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வெளியூர் போகிறவர்கள் நாய்களைக் கொண்டுவந்து விட்டபடி இருக்கிறார்கள். நீ போட்ட சட்டப்படி, எல்லாரிடமும் உடுத்துத் துவைக்காத துணி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கூட்டில் போடுகிறேன். ஆளின் வாடை இருந்தால்தானே, திரும்பி வருவார்கள் என்று நாய் நம்பும்! நேற்று ஆதிரா டீச்சர் தன் சுடிதாரைக் கொடுத்துவிட்டு, "அக்காள எங்க, காணல்லியே?" என்று கேட்டாள். "அவ அம்மைக்குச் சொகமில்ல, பாக்கப் போயிருக்கா" என்றேன். உன் அம்மை என்னை மன்னிக்கட்டும்.

நம் வீட்டு நாய் ரோசி எதையும் தின்பதில்லை. கேட்டுக்கும் அடுக்களைக்குமாக அலைகிறாள். நானும் அப்படித்தான், ஆனால் தின்கிறேன். அவளுக்குப் போட உன் துணி ஒன்றைத் தேடினேன். கொடியிலும் இல்லை, கட்டிலடியிலும் இல்லை. தலையணை உறைவரை துவைத்து மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அந்தச் சட்டத்தைப் போட்ட நீயே!

கோபத்தில் செய்தாயா, யோசித்துச் செய்தாயா?

நாளை மரியதாசன் திரும்பி வருவான். நீ போட்ட நைட்டி இரண்டைத் துவைக்காமல், மீன் வாடை ஏறாதபடி கவரில் கட்டிக் கொடு.

ரோசிக்கு ஒன்று போதும்.

இப்படிக்கு,
அவளோடு கேட்டருகே நிற்பவன்