பின்சீட்டுக்கு ஒரு கதவு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். லிங்கராஜபுரம் முழுக்கத் தண்ணீர் இல்லை. ஒரே வாளியில் குளியல்.

வெள்ளிக்கிழமை டிசைன் ஃப்ரீஸ். அதன்பிறகு ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது. ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகிற குடும்பம் வாங்கக்கூடிய கார். அதற்காக இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறோம். நான் கழற்றியவை: டிக்கி மூடி, இடப்பக்கச் சாவித் துவாரம், பின்கதவு இரண்டும். பின்கதவுக்கு விஸ்வநாத் கைதட்டினார் (எங்கள் தலை, இனி வி.). விலை இறங்கியதே அதில்தான்.

பின்னால் ஏற, முன் இடது சீட்டை மடக்க வேண்டும். டிரைவர் சீட் மடங்காது, மலிவுக்காக. "பின்னாடி பசங்கதானே" என்று சொன்னது நான்.

பிளைவுட்டில் செய்த மாதிரி வண்டியில் நாற்பது குடும்பம் ஏறி இறங்கிப் படிவம் கொடுத்தாயிற்று. 'ஏறி இறங்க வசதி': எல்லாம் நாலு, ஐந்து மார்க். நாளை கடைசிக் குடும்பம்.

மறக்கக் கூடாதவை: தேங்காயெண்ணெய். குடை ரிப்பேர். அம்மாவுக்கு போன்.

ஜூன் 10, செவ்வாய்

ஜோகுபாளையத்திலிருந்து குமார் (எலக்ட்ரீஷியன்), மனைவி சரளா, ஒரு பெண், ஒரு பையன். நாலு பேரும் ஒரே ஸ்கூட்டரில், நனைந்து. குமாரின் அம்மா ஆட்டோவில், முட்டி வலி.

விலையைக் கேட்டதும் குமாருக்கு முகம் மலர்ந்தது. ஸ்டியரிங்கில் அவர். முன்சீட் அம்மாவுக்கு, அதில் பேச்சே இல்லை. சரளாவும் பிள்ளைகளும் பின்னால். பத்து நிமிஷம் உட்காரச் சொன்னோம். ஐந்தாவது நிமிஷம் பையனுக்கு ஒண்ணுக்கு.

"அத்தை, கொஞ்சம் எறங்குங்க."

"இப்பதான்டி ஒக்காந்தேன். அடக்கச் சொல்லு."

குமார் இறங்கி, சுற்றி வந்து, அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, சீட்டை மடக்கி... அதற்குள் பையன் நனைத்துவிட்டான். சரளா முந்தானையால் பிளைவுட்டைத் துடைத்தாள். "சாரி மேடம்."

சாரி நான் சொல்ல வேண்டியது.

படிவம் நிரப்பியது குமார். ஏறி இறங்க வசதி: 5.

எல்லாரும் போனபிறகு பழைய படிவங்களைப் புரட்டினேன். நாற்பதிலும் ஓட்டுகிற ஆளின் கையெழுத்து. குடும்பத்துக்கு ஒரு படிவம் என்று அச்சடித்தவள் நான்தான். இன்றைக்கு வெறும் ஒண்ணுக்கு. வண்டி எங்காவது மோதி, முன்சீட்டில் இருப்பவர் அசையாமல் கிடந்தால்?

ஜூன் 11, புதன்

மழை இல்லை. படிவம் கொடுத்த வீடுகளில் பன்னிரண்டுக்கு போன். பன்னிரண்டில் பதினொன்றை எடுத்தது கணவர்கள். "என்ன வேணும்? எங்கிட்டயே கேளுங்க." பிரேசர் டவுன் பெண் ஒருத்தி மட்டும் தனியாகப் பேசினாள். "லக்கேஜ் மாதிரி இருந்துச்சு மேடம். அவர வச்சிக்கிட்டு எப்படிச் சொல்றது?"

வி.யிடம் ஒப்புக்கொண்டேன், நாற்பது படிவமும் உதவாதென்று. திட்டியிருந்தால் தேவலை. இடப்பக்கம் மட்டும் ஒரு கதவு வைக்கலாம், ஆனால் விலை ஏறும், அந்த விலையில் கதவு வேண்டுமா என்று நேற்றுப் பின்னால் உட்கார்ந்த பெண்ணையே கேட்டு வாருங்கள் என்றார். அவள் சொல்வதுதான் முடிவாம். பிறகு வழக்கம்போலக் கன்னடத்தில், "நோடோணா", பார்க்கலாம்.

குடை அப்படியே.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். குமார் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஜோகுபாளையம். சரளா அப்போதுதான் அபார்ட்மென்ட்டில் கூட்டித் துடைத்துவிட்டு வந்திருந்தாள். டீ போட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கதவு வச்சா வெல எவ்ளோ ஏறும்?"

சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"அப்ப வேணாம் மேடம். கதவு வைக்காதீங்க. நான் உள்ள அடஞ்சி கெடந்துக்கறேன். பசங்க மேல மழ படாதில்ல, அது போதும். வெல ஏறிச்சின்னா அவரு ஸ்கூட்டரே போதும்னுடுவாரு."

"ஏதாவது ஆச்சுன்னா எப்படி வெளிய வருவீங்க?"

"ஸ்கூட்டர்ல போனா மட்டும் ஆவாதா?"

டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள்மேல் கோபம். அல்சூர் தாண்டுவதற்குள் என்மேல் கோபம். உட்கார இடம் கிடைத்தும் நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல வெயில். பத்தரைக்குக் கூட்டம், பதினோரு பேர். அந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று வி. கேட்டார். பார்த்தேன். என்ன சொன்னார்?

"கதவு வேணும்னு சொன்னாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். இடப்பக்கம் ஒரு பின்கதவு, முடிந்தது, எல்லாரும் கையெழுத்து. லட்டு கொடுத்தார்கள். பாதி தின்றேன்.

நாற்பது பெண்களின் பேச்சை விட்டது எனக்குத் தெரியாமல் நடந்தது. சரளாவின் பேச்சை மாற்றியது தெரிந்தே.

மாலை ஆறு மணிக்கு குமார் போன்.

"மேடம், வண்டி எப்ப வரும்? அன்னிக்குச் சொன்ன வெலதானே? ஜன்னலோரம் யாருக்குன்னு பசங்க இப்பவே சண்ட போடுதுங்க."

"பாக்கலாம் குமார்" என்றேன்.

பக்கத்திலிருந்து சரளாவின் குரல். "கதவு வைக்கலதானேன்னு கேளுங்க."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.