சித்திரையில் குற்றாலம் போனவர்

1937, ஈசுவர வருஷம், சித்திரை 18, வெள்ளி

சுடலை கோவில் கொடைத் திருவிழாவில் மதியப் பூசைக்கு நின்றவர்கள்: சாமியாடி உச்சிமாகாளி, பங்காளி செல்லச்சாமி, அவர் பெண்டாட்டி, என் மகன் நம்பிராஜன், மருமகள், பேத்தி முப்பிடாதி, நான், பிறகு என் வீட்டுக்காரர். பங்குனியில் வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்ததால் அவுகளை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்.

சாமி வந்து வரிசையாகத் திருநீறு கொடுத்தது. எல்லோரும் கை நீட்டினோம். அவுக மட்டும் இரண்டு கையையும் துண்டுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாக.

"என்ன பிள்ளே, கை சுடுதோ?" என்று சாமி கேட்டது.

நம்பிராஜன் முன்னால் வந்து, "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று நாற்காலியைத் திருப்பிவிட்டான்.

காய்ச்சல் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன்.

சித்திரை 19

எனக்குப் படிப்பு மூணாம் கிளாஸோடு நின்றது. ஞாபகம் அப்படி நின்றுபோகவில்லை. விபவ வருஷம் தை மாசம் செல்லச்சாமியின் வைக்கோல் படப்பு எரிந்தது. பக்கத்தில் கட்டிக் கிடந்த உழவு மாடு இரண்டும் வெந்து போச்சு. அதற்குப் பிறகு எட்டுக் கொடை. எட்டுக்கும் இவுக ஊரில் இல்லை. "மேலுக்கு வலி, குத்தாலத்துல தலை முழுகிட்டு வாரேன்" — எட்டுத் தடவையும் அதே பேச்சு. நானும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன்.

சித்திரையில் அருவியில் ஏது தண்ணி? காய்ந்த பாறையில் குரங்குதான் உட்கார்ந்திருக்கும். ஆனியில் சாரல் விழுந்தால்தான் அருவி என்று இந்த ஊர்ப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை?

சித்திரை 20

கேட்டேன். சொல்லிவிட்டாக. படப்புக்குத் தீ வைத்தது அவுகதான். வாய்க்கால் தண்ணித் தகராறில் வந்த வன்மம். "தப்புப் பண்ணுனவன் திருநீறு வாங்குனா சாமி பிள்ளைகளைப் பிடிச்சிரும்னு பயம்ட்டீ" என்று அழுதாக.

அப்போ பலவேசம்?

செல்லச்சாமியோடு சண்டை போட்டு வேலையை விட்ட உழவாள் அவன். அவன்தான் தீ வைத்தான் என்று மூணு வருஷம் பாளையங்கோட்டை ஜெயில். என் சாட்சியில்.

சித்திரை 21

கோர்ட்டில் பொய் சொல்லணும் என்று நான் போகவில்லை. படப்பு எரிந்த அன்று விடியக்காலம் வாசல் தெளிக்கும்போது தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒரு ஆள் ஓடியது. முதுகைத்தான் பார்த்தேன். நம்பிராஜன் சொன்னான், "எம்மா, அது பலவேசம். நான் மூஞ்சியைப் பார்த்தேன்." மகன் பார்த்தால் நான் பார்த்த மாதிரிதானே. பலவேசம் என்று சொல்லிவிட்டேன்.

அது இவுக முதுகு. நாற்பது வருஷம் எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு.

சித்திரை 22

அவுகளுக்கு நான் சோறு போடவில்லை. மருமகள் போட்டாள்.

சித்திரை 27

பலவேசத்திடம் சொல்லப் புறப்பட்டேன். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு இங்கே ஒருத்தரும் வேலை கொடுக்கவில்லை. திருவிதாங்கூர் சீமைக்குள்ளே, இலத்தூரில் கிடக்கிறான். நம்பிராஜன் வழி மறித்தான்.

"ஆவணியில முப்பிடாதிக்குக் கல்யாணம். வீரகேரளம்புதூர் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா நிறுத்திருவாங்க. அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பப் போறீயளா?"

"உனக்கு எப்பம்லே தெரியும்?"

"அன்னைக்கே. புகை நாறுன வேட்டியை நான்தான் வாய்க்கால்ல அலசுனேன்."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டான்.

வைகாசி 3

கோவிலுக்குப் போனால் மருமகள் கூட வருகிறாள். கிணற்றடிக்கும் வருகிறாள். நேற்றிலிருந்து வெளிக்கதவில் பூட்டு. கள்ளன் பயமாம்.

ஆனி 20

சாரல் விழுது. அவுக கம்பை ஊன்றி நடக்கிறாக. எங்கே போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகணும் என்று சொல்லியிருக்கிறேன். இன்று "வயலுக்கு" என்றாக. திரும்பி வந்ததும் காலில் சேறு இருக்கா என்று பார்த்துத்தான் நம்பினேன். இப்படியே எத்தனை நாள் காலைப் பார்ப்பேன்?

ஆவணி 12

தாலி ஏறிவிட்டது. பேத்தி கழுத்துக்காகப் பலவேசம் இன்னும் நாலு மாசம் தீ வைத்தவனாகவே இருந்தான். நானும் பட்டுச்சேலை கட்டிச் சபையில் நின்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐப்பசி 9

"இலத்தூருக்குப் போய்ட்டு இப்பத்தான் வாரேன். பலவேசத்தைப் பார்த்தேன்" என்றாக. நம்பவில்லை.

"வீடு எப்படி இருந்துச்சு?"

"கதவு இல்லை, தட்டிதான். அவன் பெண்டாட்டி மூக்கம்மா நடவுக்குப் போயிருந்தா."

"அவன் என்ன சொன்னான்?"

"'நான் வைக்கலைன்னு எனக்குத்தான் முன்னமே தெரியுமே, எங்கிட்ட வந்து ஏன் சொல்லுதீய? ஊர்ல சொல்லுங்க'ன்னான்."

இது இவுகளாகப் புனையக்கூடிய பேச்சு இல்லை. இத்தனை மாசத்தில் முதல் தடவையாகத் தண்ணிச் செம்பை என் கையால் கொடுத்தேன்.

வெகுதானிய வருஷம், சித்திரை 10

கொடைக்குப் பந்தக்கால் நாட்டியாச்சு. அவுக காலையிலிருந்து மேலுக்கு வலி என்கிறாக. நம்பிராஜன் தென்காசியில் வண்டி பேசிவிட்டு வந்திருக்கிறான். இந்தத் தடவையும் குத்தாலம் போய்விடுவாகளோ?

சித்திரை 17, வெள்ளி

வண்டி வாசலில் நின்றது. அவுக ஏறவில்லை. கம்பை ஊன்றிக் கோவிலுக்கு நடந்தாக. நான் பின்னால் போனேன். எவனும் மறிக்கவில்லை, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

சாமி திருநீறு எடுக்கும் முன்னாலேயே, "படப்புக்குத் தீ வச்சது நான். பலவேசம் இல்லை" என்றாக. மறுபடியும் சொன்னாக. "என் சாட்சியும் தப்பு" என்று நானும் சொன்னேன்.

செல்லச்சாமி கிட்டே வந்தார். "மாடு ரெண்டும் கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

இலத்தூரிலிருந்து வந்து கூட்டத்துக் கடைசியில் மூக்கம்மாவோடு நின்ற பலவேசம், இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அவுக இரண்டு கையையும் நீட்டினாக. சாமி கொடுத்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டாக.

சித்திரை 18

செல்லச்சாமி போலீசுக்குப் போவாராம். "வந்தா என்ன சொல்லுவீய?" என்று கேட்டேன். "நேத்து சொன்னதைத்தான்" என்றாக. மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. சோறு நான்தான் போட்டேன்.

சாயங்காலம் நம்பிராஜன் வந்து உட்கார்ந்தான். "எல்லாந்தான் முடிஞ்சிட்டே. எனக்கும் ஒரு வாய் போடுங்கம்மா."

"அன்னைக்கு யார் மூஞ்சியைப் பார்த்தேலே?"

"எம்மா, இன்னும் அதையா பிடிச்சுக்கிட்டு இருக்கீய?"

போட்டேன். பெத்தவள், சோறு போடாமல் இருக்க முடியாது. மன்னிப்பு வேறே. தீ வைத்தவுகளுக்குக்கூட அது என்றைக்காவது கிடைக்கும். நம்பிராஜனுக்குக் கிடையாது.